ஜெர்வேஸ் சொல்லும் இரண்டு அகலங்கள்: கேன்டர்பரி திரித்துவச் சிற்றாலயம் உருவான வரிசை

கேன்டர்பரிப் பேராலயத்தின் கீழைக் கோடியில் நிற்கும் திரித்துவச் சிற்றாலயம் யாருடைய திட்டம் என்ற கேள்விக்கு ஆய்வாளரில் ஒரு சாரார் நெடுங்காலமாக ஒரே விடையைச் சொல்லிவருகிறார்கள். 1174ஆம் ஆண்டுத் தீக்குப் பின் தலைமைக் கல்தச்சராக அழைக்கப்பட்ட, பிரான்சின் சென்ஸ் நகர வில்லியம் முழுத் திட்டத்தையும் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டார். 1178இல் அவர் சாரத்திலிருந்து விழுந்து நாடு திரும்பியபின் பொறுப்பேற்ற ஆங்கிலேய வில்லியம், முன்னவர் விட்ட இடத்திலிருந்து கட்டி முடித்தவர் மட்டுமே. கொலையுண்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் திருப்பேழைக்கென்று ஒரு பெரும் மேடை முதல் நாளிலிருந்தே துறவிகளின் மனத்தில் இருந்தது என்பது இந்த விடையின் அடித்தளம்.

இவ்விடை அழகானது. ஒரே மேதை, ஒரே திட்டம், ஒரே நோக்கம். ஆனால் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் மூல நூற்பகுதியைப் பொறுமையாகப் படித்தால் அது வேறொன்றைச் சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். சிற்றாலயத்தின் இடமும் அதற்குள் நுழையும் வாயின் அகலமும் சென்ஸ் வில்லியம் காலத்தவை. அதன் நீளம், சுற்றுவழியின் விரிவு, எல்லாவற்றுக்கும் மேலாக அதன் உயரம் ஆகியவை 1179இல் எடுக்கப்பட்ட இன்னொரு முடிவின் விளைவு.

மூல நூல் எது என்பதில் தகராறு இல்லை. கேன்டர்பரி மடத்துத் துறவி ஜெர்வேஸ், தீயையும் அதைத் தொடர்ந்த பத்தாண்டுக் கட்டுமானத்தையும் ஆண்டுவாரியாக விவரித்து எழுதிய சிறுநூல்தான். இடைக்காலக் கட்டடம் ஒன்றைப் பற்றி, அது எழும்பியதைக் கண்ணால் கண்ட ஒருவர் இவ்வளவு விரிவாக எழுதிய வேறு நூல் ஐரோப்பாவில் கிடைப்பது அரிது. 1845இல் ராபர்ட் வில்லிஸ் அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு தூண் தூணாகக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார், பெருமளவு பொருந்தியது. அதுமுதல் ஜெர்வேஸின் சொல்லுக்கு ஒரு கல்வெட்டின் மதிப்பு வந்துவிட்டது.

அந்த மதிப்பில் ஓரளவைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜெர்வேஸ் நடுநிலைச் சாட்சியல்லர். 1163இல் பெக்கெட்டின் கையால் துறவு ஏற்றவர். தம் மடத்தின் கட்சிக்காரர். 1180களின் நடுப்பகுதியில் பேராயர் பால்ட்வின், நகருக்கு வெளியே ஹாக்கிங்டனில் புனித ஸ்தேவானுக்கும் புனித தாமசுக்கும் தனியாக ஒரு கோயிலும் குருக்கள் குழுவும் ஏற்படுத்த முனைந்தபோது, தங்கள் புனிதர் தங்களை விட்டுப் போய்விடுவாரோ என்று துறவிகள் பதறினர். அந்த வழக்கில் முன்னின்று எழுதியவர்களில் இவரும் ஒருவர். தாமசின் இடம் இந்தப் பேராலயமே என்று அடித்துச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருந்தது.

கட்டட விவரங்களிலும் அவர் கொஞ்சம் பெரிதுபடுத்துகிறார். பழைய பாடகர் மண்டபம் ஏறத்தாழ முழுவதும் அழிந்து, எல்லாமே புதிதாயிற்று என்ற தோற்றத்தை அவர் தருகிறார். ஆனால் பக்கவழிகளின் புறச்சுவர்களில் பிரையர்களான (மடத் தலைவர்களான) எர்னல்ஃப், கான்ராட் காலத்து வேலை இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. அதை இடிக்காமல் மேலே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வண்ணக் கண்ணாடியும் இதே கதையைச் சொல்கிறது. கிறிஸ்துவின் முன்னோர் வரிசையைச் சேர்ந்த சில உருவங்கள் தீக்கு முந்தியவையாக இருக்கலாம் என்று பாணியை வைத்து முன்பே ஐயுறப்பட்டது. 2021இல் வெளியான வேதியியல் ஆய்வு, கண்ணாடியைக் கழற்றாமலே எக்ஸ்கதிர் ஒளிர்வு முறையில் அதன் சேர்மானத்தை அளந்து, அந்த ஐயத்துக்கு வலுவூட்டியது. நாத்தான் இறைவாக்கினர் உள்ளிட்ட சிலரின் உருவங்கள் 1130க்கும் 1160க்கும் இடைப்பட்டவை என்பது அதன் முடிவு. தீயிலிருந்து பிழைத்த கண்ணாடியைப் பற்றி ஜெர்வேஸ் மூச்சுவிடவில்லை. புதியதன் பெருமையைப் பாட வந்தவருக்குப் பழையது எஞ்சியதைச் சொல்ல மனம் வரவில்லை போலும்.

இதை வைத்து, அவருடைய நூல் முழுவதும் இறையியல் உவமை, கட்டட வரலாற்றுக்கு உதவாது என்று ஒதுக்குவோரும் உண்டு. அது அளவுக்கு மீறிய சந்தேகம். கட்சிக்காரர் ஒருவர் தம் கட்சிக்குப் பெருமை சேர்க்காத செய்தியைச் சொல்லும்போது அவரை நம்பலாம். பணம் தீர்ந்து ஓராண்டு வேலை நின்றது, தலைமைக் கல்தச்சரின் படுக்கையருகே நின்று கட்டளை வாங்கிவந்த துறவியின் மேல் மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள், புது அடித்தளத்துக்காக இறந்த துறவிகளின் எலும்புகளைத் தோண்டி எடுக்க நேர்ந்தது. இவையெல்லாம் யாரும் புகழுக்காகச் சொல்லும் செய்திகள் அல்ல. இந்தக் கடைசிச் செய்தி பின்னால் தேவைப்படும்.

சர்ச்சைக்குரிய பகுதிக்கு வருவோம். பழைய மண்டபத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடுகளை அடுக்கும் இடத்தில் ஜெர்வேஸ் ஒரு விளக்கம் தருகிறார். பாடகர் மண்டபத்தின் இரு தூண் வரிசைகளும் ஏன் நேராகச் செல்லாமல் கிழக்கே செல்லச் செல்ல உள்நோக்கி நெருங்குகின்றன என்பதற்கான விளக்கம் அது. இன்று உள்ளே நிற்கும் எவர் கண்ணையும் முதலில் உறுத்துவது இந்த நெருக்கம்தான். ஒடுங்கிய இடுப்பு மாதிரி கட்டடம் நடுவில் சுருங்கி, அப்பால் மறுபடி விரிகிறது.

ஜெர்வேஸ் இரண்டு காரணம் சொல்கிறார். முதலாவது, இருபுறமும் தீயில் அழியாமல் நின்ற புனித ஆன்செல்ம், புனித அந்திரேயா கோபுரங்கள். அவற்றை இடிக்கத் தலைமைக் கல்தச்சருக்கு விருப்பமில்லை. பெயர்த்து நகர்த்தவும் வழியில்லை. இரண்டாவது, பேராலயத்தின் தலைப்பகுதியில், பழைய திரித்துவச் சிற்றாலயம் நின்ற இடத்தில், புனித தாமசின் சிற்றாலயம் அமைய வேண்டும் என்பது ஏற்கப்பட்டதாகவும் தேவையானதாகவும் இருந்தது; பழைய சிற்றாலயமோ பாடகர் மண்டபத்தைவிட மிகக் குறுகியது. ஆகவே அவர் கோபுரங்கள் தொடங்கும் இடம்வரை நேராகக் கொண்டுசென்று, அங்கிருந்து பவனிகள் செல்லும் புறவழியின் அகலத்தை முடிந்தவரை காப்பாற்றிக்கொண்டு, மெல்ல மெல்லச் சாய்த்து உள்ளிழுத்தார். பலிபீடத்துக்கு எதிரே தொடங்கும் நெருக்கம், மூன்றாம் தூணில் திரித்துவச் சிற்றாலயத்தின் அகலத்தோடு வந்து பொருந்துகிறது. அதற்கப்பால் அதே இடைவெளியில் ஆனால் வேறு வடிவில் நான்கு தூண்கள். அதற்கும் அப்பால் வட்டமாக நான்கு.

ஒரே திட்டம் என்போர் நிற்பது இந்தப் பகுதியின்மேல்தான். அவர்கள் வாதம் எளிது. நெருக்கத்தை உருவாக்கிய தூண்கள் சென்ஸ் வில்லியம் விழுவதற்கு முன்னரே நட்டவை, அதாவது அவருடைய கை. தீக்குப் பின் நான்காம் ஆண்டில் அவர் கீழைக் குறுக்குக்கைகளுக்கு அப்பால் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துத் தூண்களை நிறுத்தினார் என்று ஜெர்வேஸே சொல்கிறார். நெருக்கத்துக்குக் காரணம் தாமசின் சிற்றாலயம். ஆகவே தாமசின் சிற்றாலயம் அவர் விழுவதற்கு முன்பே திட்டத்தில் இருந்தது. ஆகவே இன்று நாம் காணும் சிற்றாலயம் சென்ஸ் வில்லியமுடையது.

முதல் மூன்று படிகளை இக்கட்டுரை மறுக்கவில்லை. நான்காவது படிதான் வழுக்குகிறது.

ஜெர்வேஸ் சொல்வதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வோம். தலைமைக் கல்தச்சர் எந்த அகலத்துக்குப் பொருந்தும்படி சுருக்கினார்? வரவிருந்த சிற்றாலயத்தின் அகலத்துக்கு அல்ல. அங்கே ஏற்கெனவே இருந்த பழைய சிற்றாலயத்தின் அகலத்துக்கு. தொடக்கத்திலேயே ஒரு பெரிய புதுச் சிற்றாலயம் எழுப்புவதாக இருந்திருந்தால், இடிக்கப்படப்போகும் பழைய கட்டடத்தின் அகலம் அவருக்கு எதற்கு? கோபுரங்களைத் தாண்டியதும் சாய்வை நிறுத்தியிருக்கலாமே. கோபுரங்கள் மட்டும் போதுமான காரணம் என்றால் ஜெர்வேஸ் இரண்டாவது காரணத்தைச் சொல்லியிருக்கவே வேண்டாம். ஏற்கப்பட்டதும் தேவையானதும் என்று அவர் குறிப்பது தாமசின் சிற்றாலயம் அமையும் இடத்தை. அதன் வடிவத்தைப் பற்றி அந்த வாக்கியம் எதுவும் பேசவில்லை.

அந்த இடத்தில் என்ன நின்றது என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய திரித்துவச் சிற்றாலயம் 1180வரை இடிக்கப்படவில்லை. அதன் நிலவறையில் தாமஸ் புதைக்கப்பட்டிருந்தார். அவர்மீதுள்ள மரியாதையால் அதுவரை அதில் கைவைக்காமல் விட்டிருந்தார்கள் என்று ஜெர்வேஸ் வெளிப்படையாகச் சொல்கிறார். தாமஸ் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றியதும் அந்தச் சிற்றாலயத்தில்தான். சென்ஸ் வில்லியம் தூண்களை உள்ளிழுத்துக்கொண்டிருந்த நான்கு ஆண்டுகளும் அவர் கண்ணெதிரே அந்தச் சிற்றாலயம் நின்றது. அவர் செய்த சாய்வு, நிற்கும் ஒரு கட்டடத்தோடு தம் வேலையை இணைக்க முயன்ற கைத்தொழிலாளியின் சாய்வு. நிலவறையிலிருந்து தாமசின் உடலை மேலே, அதே பழைய சிற்றாலயத்துக்கோ அதே அளவில் திருத்தியமைத்த ஒன்றுக்கோ கொண்டுவந்து வைப்பது அப்போதைய எண்ணமாக இருந்திருக்கலாம். அந்த எண்ணத்துக்கு இவ்வளவு அகலமே போதும்.

1174, 1175இல் துறவிகளின் மனநிலையும் இதற்கு ஒத்துவருகிறது. செப்டம்பர் 5 அன்று, வாயிலுக்கு வெளியே மூன்று குடிசைகளில் பற்றிய தீப்பொறியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்க் கூரையில் போட்டது. மேலே ஈயத்தகடு, கீழே சித்திரம் தீட்டிய மர விதானம். நடுவில் தீ மறைந்து வளர்ந்ததால் வெளியே தெரியும்போது காலம் கடந்துவிட்டது. பிறகு பிரெஞ்சு, ஆங்கிலக் கல்தச்சர்களைக் கூட்டிக் கேட்டபோது, வெந்துபோன தூண்களைக் காப்பாற்ற முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று துறவிகள் ஏங்கினர். சென்ஸ் வில்லியம் எல்லாவற்றையும் இடிக்க வேண்டும் என்று உணர்ந்தும், அவர்கள் மனம் ஆறும்வரை அதைச் சொல்லாமல் மறைத்துவைத்தார். இது ஜெர்வேஸின் மிகப் புகழ்பெற்ற பகுதி. அதன் உட்பொருளை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. வெந்த தூணை இடிப்பதற்கே அழுதவர்கள், வேகாத சிற்றாலயத்தை, அதுவும் தங்கள் புனிதரின் தலைக்குமேல் நின்ற சிற்றாலயத்தை, அதே மாதத்தில் இடிக்கத் திட்டம் போட்டார்கள் என்று நம்பச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

  

இரண்டாவது அகலம் ஐந்தாம் ஆண்டில் வருகிறது. 1178 செப்டம்பரில், பெருங்கவிகையை வளைக்கச் சாரம் ஆயத்தமானபோது காலடியில் உத்திரங்கள் முறிந்து, கல்லும் மரமும் கூடவே சரிய, ஐம்பதடி உயரத்திலிருந்து சென்ஸ் வில்லியம் விழுந்தார். படுக்கையிலிருந்தபடியே சில காலம் வேலையை நடத்தினார். பலனில்லை என்று கண்டதும் கடல் கடந்து பிரான்சுக்குத் திரும்பினார். அவருக்கு அடுத்து வந்தவரும் ஒரு வில்லியம், ஆங்கிலேயர்; உருவத்தில் சிறியவர், பல தொழில்களில் கூர்மையானவர், நேர்மையானவர் என்று ஜெர்வேஸ் அவரை அறிமுகப்படுத்துகிறார். குறுக்குக்கைகளையும் பெரிய பலிபீடத்தின் மேலுள்ள கவிகையையும் முடித்த கையோடு, கிழக்கே பேராலயத்தை விரிவுபடுத்த அவர் அடித்தளம் தோண்டினார். தாமசின் சிற்றாலயம் அங்கே எழவேண்டும் என்பதே காரணம்.

ஜெர்வேஸ் இங்கே பேசுவது விரிவாக்கத்தைப் பற்றி. தோண்டிய இடம் துறவிகளின் இடுகாடு. எலும்புகளைச் சேகரித்து, சிற்றாலயத்துக்கும் நோயாளர் இல்லத்துக்கும் இடைப்பட்ட மூலையில் பெரிய குழி வெட்டி மொத்தமாக மறுபடி அடக்கம் செய்தார்கள். பழைய சிற்றாலயத்தின் அடித்தளத்துக்குள்ளேயே புதியது அமைவதாக இருந்தால் இடுகாட்டைத் தொட வேண்டிய அவசியம் எழாது. புதிய கட்டடம் பழையதன் எல்லையை மீறி வெளியே போயிற்று. சுற்றுவழி பக்கவாட்டில் பிதுங்கிற்று. கிழக்கே ‘கொரோனா’ எனப்படும் வட்டக் கோபுரமும் சேர்ந்தது. ஓரிடத்தில் பழைய சிற்றாலயத்தின் அகலத்துக்குச் சுருக்கியதாகவும், இன்னோரிடத்தில் அதன் எல்லையைத் தாண்டி விரித்ததாகவும் அதே ஆசிரியர் எழுதுகிறார். இவை ஒரே திட்டத்தின் இரண்டு பகுதிகள் என்று சொல்ல, மூலத்தில் இல்லாத ஒரு வரைபடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

முன்சொன்ன பகுதியிலேயே மூன்றாம் தூணில் ஒரு மடிப்பு தெரிகிறது. அதுவரை செயலைச் செய்பவர் தலைமைக் கல்தச்சர்: அவர் கோபுரங்களை இடிக்க விரும்பவில்லை, அவர் வழியைக் காப்பாற்றினார், அவர் உள்ளிழுத்தார். அதற்கப்பால் அவர் மறைந்துபோகிறார். தூண்கள் வேறு வடிவில் நிறுத்தப்படுகின்றன, வட்டமாக அமைகின்றன, அவ்வளவே. 1184க்குப் பின், எல்லாம் முடிந்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு எழுதும் ஜெர்வேஸ் இரு காலங்களை ஒரே மூச்சில் சொல்லிச் செல்கிறார். இலக்கண நடையிலிருந்து கிடைக்கும் இந்தச் சான்றுக்கு மட்டும் பெரிய எடை கொடுக்க முடியாது. இடுகாட்டுச் செய்தியோடும் பழைய சிற்றாலயம் இடிக்கப்பட்ட காலத்தோடும் சேர்த்துப் பார்க்கும்போது அது கணக்கில் வருகிறது.

உயரத்துக்குக் கல்லே சாட்சி. நிலவறைக்குள் இறங்கி மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் இதை உடம்பால் உணர்வார். எர்னல்ஃப் காலத்து மேலை நிலவறை தாழ்வானது, இருண்டது, செறிந்த சிற்பத் தலைப்புகள் கொண்ட குட்டைத் தூண்களால் நிறைந்தது. ஆங்கிலேய வில்லியமின் கீழை நிலவறைக்குள் கால் வைத்ததும் தலைக்குமேல் வெளி திறந்துகொள்கிறது. இரட்டைத் தூண்கள், நடுவே மெல்லிய பர்பெக் சலவைக்கல் தண்டுகள், தாராளமான சாளரங்கள். ஜெர்வேஸும் இதை மெச்சுகிறார். இந்த நிலவறை உயர்ந்ததால்தான் அதன்மேல் நிற்கும் சிற்றாலயத் தளம் பலிபீடத்துக்குப் பின்னே படியேறிச் செல்லும் மேடையாயிற்று. திருப்பயணிகள் நூற்றாண்டுக் கணக்கில் ஏறித் தேய்த்த படிகளின் பள்ளம் இன்றும் தெரிகிறது. பாடகர் மண்டபத்தில் நிற்பவருக்குப் பெரிய பலிபீடத்துக்கும் மேலே, இன்னும் ஒரு படி உயரத்தில் திருப்பேழை தெரியவேண்டும் என்ற எண்ணம், நிலவறையின் உயரத்தை முடிவு செய்த அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

அந்த நாள் எப்போது? ஆங்கிலேய வில்லியம் நிலவறைப் புறச்சுவரைச் சாளரங்களின் அடிவரை எழுப்பினார் என்றும், ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டின் தொடக்கமும் இதில் கழிந்தன என்றும் ஜெர்வேஸ் கணக்குச் சொல்கிறார். அவருடைய ஆண்டு செப்டம்பரில் திரும்புகிறது. ஆகவே இது 1179ஆம் ஆண்டுக் கோடையும் அதை ஒட்டிய இலையுதிர் காலமும். அதே 1179இல் முதுமையால் தளர்ந்த பிரையர் ஹெர்லெவின் விலக, ஆலன் பிரையரானார். பெக்கெட்டின் கடிதங்களைத் தொகுத்தவர் இந்த ஆலன்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரான்சு மன்னர் ஏழாம் லூயி, நோயுற்ற மகன் பிலிப்புக்காக வேண்டிக்கொள்ளக் கடல் கடந்து தாமசின் கல்லறைக்கு வந்தார். பொற்கிண்ணம் ஒன்றைக் காணிக்கையாக்கினார், ஆண்டுதோறும் மடத்துக்குத் திராட்சை மதுவும் ஏற்பாடு செய்தார்.

இங்கே நிதானம் தேவை. லூயி வந்ததால் சிற்றாலயம் பெரிதாயிற்று என்று சொல்ல முடியாது. அவர் டோவரில் இறங்கியபோது தோண்டும் வேலை தொடங்கியிருக்கவே கூடும். ஆலன் பொறுப்பேற்ற காலத்துக்கும் இதே தயக்கம் பொருந்தும். அதற்கு முன்பே, 1175 முதல் 1177 வரை, பெக்கெட்டின் புதுமைகளைத் தொகுத்த பெனடிக்டே பிரையராக இருந்திருக்கிறார்; ஆர்வம் மட்டும் போதுமென்றால் முடிவு அப்போதே வந்திருக்க வேண்டும். ஆனால் தலைமைக் கல்தச்சர் மாறி, மடத்தின் தலைமையும் மாறி, அண்டை நாட்டு அரசரே கல்லறை முன் மண்டியிட்ட ஓராண்டில், முன்பு போட்ட சிறிய கணக்கைப் பெரிதாக்கத் துணிவு பிறந்தது என்பது, 1174இல் சாம்பல்மேல் நின்று எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள் என்பதைவிட இயல்பாக இருக்கிறது.

எதிர்ப்புகள் சிலவற்றைப் பார்க்கலாம். அடிக்கடி சொல்லப்படுவது இரட்டைத் தூண்களைப் பற்றியது. சிற்றாலயத்தில் நிற்கும் வண்ணக் கல் இரட்டைத் தூண்கள் சென்ஸ் பேராலயத்தை நினைவூட்டுகின்றன. அங்கே 1140ஐ ஒட்டித் தொடங்கிய கட்டடத்தில் இதே அமைப்பு உண்டு. பெக்கெட் நாடுகடந்து வாழ்ந்த ஊரும் அதுவே. ஆகவே வடிவம் சென்ஸ் வில்லியமுடையது என்பார்கள். ஒருவரிடம் ஆண்டுக் கணக்கில் வேலை செய்தவர் அவர் கொண்டுவந்த வடிவத்தைப் பிறகு பயன்படுத்துவதில் என்ன வியப்பு? சென்ஸ் வில்லியம் கல்தச்சர்களுக்கு அச்சுப்பலகைகள் செய்து கொடுத்தார் என்று ஜெர்வேஸ் குறிக்கிறார். பட்டறையில் வடிவங்கள் கைமாறின. தூணின் வடிவம் கைமாறியதற்குச் சான்று இருக்கிறது என்பதால் கட்டடத்தின் முழுத் திட்டமும் கைமாறியது என்றாகாது. தவிர, மூன்றாம் தூணுக்கப்பால் வடிவம் மாறுகிறது என்று ஜெர்வேஸே சொல்லும்போது, அந்த மாற்றத்தைத் தொடர்ச்சிக்குச் சான்றாக்குவது விந்தை.

நெருங்கி விரியும் அமைப்பு ஒரு காட்சித் தந்திரம், குறுகிய வாய்வழியாகப் பார்க்கும்போது திருப்பேழை மேலும் தொலைவில், மேலும் ஒளியோடு தெரியும்படி செய்தது என்ற வாதம் கண்ணுக்கு இனியது. விளைவை நோக்கமாக எடுத்துக்கொள்ளும் பிழை என்பதற்கு மேல் அதற்குப் பதில் தேவையில்லை.

கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. பழைய மண்டபத்திலேயே கிழக்கே செல்லச் செல்லத் தளம் படிப்படியாக உயர்ந்தது. பலிபீடத்துக்குப் பின்னால் பேராயரின் கல் இருக்கை படிகளுக்கு மேலே இருந்தது. நிலவறைமீது கட்டிய எந்தப் பேராலயத்திலும் இது இயல்பு. ஆகவே சென்ஸ் வில்லியமும் தம் தளத்தைக் கிழக்கே உயர்த்தத் திட்டமிட்டிருப்பார், ஆங்கிலேய வில்லியம் அந்தப் போக்கையே நீட்டினார் என்று வாதிடலாம். இதில் உண்மையின் ஒரு பங்கு இருக்கிறது. ஏறும் பழக்கம் பழையதுதான். ஆனால் பழைய நிலவறையின் உயரத்தை ஒட்டிச் சில படி ஏறுவதும், புதிதாக ஒரு உயர்ந்த நிலவறையைக் கட்டி அதன்மேல் இன்னொரு தளத்தைத் தூக்கி நிறுத்துவதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்தவர் அடித்தளம் தோண்டியவர். தோண்டியவர் யார் என்பதில் ஜெர்வேஸுக்கு ஐயமில்லை.

உயரம் எதற்காக என்பதைச் சுற்றுவழிச் சாளரங்கள் காட்டுகின்றன. பெக்கெட்டின் புதுமைகளைச் சொல்லும் வண்ணக் கண்ணாடிகள் தொடக்கத்தில் பன்னிரண்டு சாளரங்களை நிரப்பின. இன்று எஞ்சியவை அதைவிடக் குறைவு. கை கால் முடங்கியவர், பார்வை இழந்தவர், மனம் பேதலித்தவர் என்று பெனடிக்டும் கேன்டர்பரித் துறவி வில்லியமும் எழுதிவைத்த கதைகள் அவற்றில் காட்சிகளாகின. திருப்பேழையைச் சுற்றிவரும் ஒருவர் நின்று படிக்கும்படி அவை தாழ இறங்கி நிற்கின்றன. அகன்ற சுற்றுவழி இல்லாமல் இச்சாளரங்களுக்குப் பொருளில்லை. பழைய சிற்றாலயத்தின் அகலத்தில் இப்படியொரு சுற்றுவழிக்கு இடமுமில்லை.

நூலுக்கும் கல்லுக்கும் முரண்பாடு வரும்போது கல்லின் பக்கம் நிற்பதற்கு இச்சிற்றாலயத்திலேயே ஒரு துணைச் சான்று உண்டு. 1376இல் இறந்த கறுப்பு இளவரசர் எட்வர்டு தம்மை நிலவறையிலுள்ள மாதா சிற்றாலயத்தில் அடக்கம் செய்யும்படி உயில் எழுதினார். அவருடைய வெண்கலச் சிலை இன்று கிடப்பது மேலே, திருப்பேழை நின்ற இடத்துக்குத் தெற்கே. உயிலை மட்டும் படித்தவர் அவரைக் கீழேதான் தேடுவார்.

1183ஐ ஒட்டிப் பணமில்லாமல் நின்ற வேலை 1184இல் கூரையிட்டு முடிந்தது. ஜெர்வேஸின் பதிவும் அங்கே நிற்கிறது. தாமசின் உடலோ 1220 ஜூலை 7 அன்றுதான் பேராயர் ஸ்டீபன் லாங்டன் காலத்தில் மேலே கொண்டுவரப்பட்டது. ஜான் மன்னரோடு மூண்ட பூசலில் 1207 முதல் 1213 வரை துறவிகள் நாடுகடந்திருந்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம். 1538இல் எட்டாம் ஹென்றி திருப்பேழையைத் தகர்த்தபின், தரையில் ஒரு வெற்றிடம் மட்டும் மிஞ்சியது. இந்த வரிசையும் சற்று யோசிக்க வைக்கிறது. பேழைக்கான இடம் முதல் நாளே தீட்டி முடித்த ஒன்றாக இருந்திருந்தால், கூரை வேய்ந்த பின்னும் முப்பத்தாறு ஆண்டுகள் அது காலியாகக் கிடந்ததற்கு அரசியலைத் தவிர வேறு விளக்கமும் தேட வேண்டியிருந்திருக்கும். படிப்படியாக வளர்ந்த ஒரு முடிவுக்கு அந்தத் தேவை இல்லை.

இவ்வாசிப்பைச் சோதிக்க வழி இருக்கிறது. பலிபீடத்துக்கு எதிரிலிருந்து மூன்றாம் தூண்வரையிலும், அங்கிருந்து சிற்றாலயத்தின் முதல் இரட்டைத் தூண்வரையிலும் உள்ள இணைப்புகளில் சாந்து, உளிவாய்த் தடம், கல்லின் வகை ஆகியவற்றைத் தனித்தனியே ஒப்பிட்டு, நிலவறைப் புறச்சுவரில் சாளர அடிக்குக் கீழும் மேலும் உள்ள வேலையோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குக் கையாண்ட பொறுமையைக் கல்லுக்கும் கையாள்பவர்கள் அந்த மூன்றாம் தூணிலிருந்து தொடங்கட்டும்.